மொட்டைத் தலையும் கம்பெனி கேமராவும்

சித்தூரில் எங்கள் தெருமுனை சலூன்காரருக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. மாங்கூழ் ஃபேக்டரியில் ஏன் ஆள் குறைக்கிறார்கள், பெங்களூருக்குப் போன பிள்ளைகள் ஏன் மூட்டையோடு திரும்பி வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருக்கும். கம்ப்யூட்டர் வந்து எல்லார் வேலையையும் தின்னப்போகிறது என்று டிவியில் சொன்ன அன்று, என் காதுக்குப் பக்கத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சொன்னார்.

"யார் வேலைய வேணா புடுங்கட்டும் சார். என் வேலைய ஒண்ணும் பண்ண முடியாது. தலைய எவன் சார் மிஷின்கிட்ட குடுத்துட்டு கண்ண மூடிக்கினு உக்காருவான்?"

நான் சிரித்தேன். அப்போது எனக்கு வேலை இருந்தது.

என் வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார். நாங்கள் திருப்பதியில் ஒரு வாடகை மாடியில் உட்கார்ந்து, அதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்போம். பதினேழு வருஷம் சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். புத்தலப்பட்டு தாண்டியதும் தூங்கிவிடுவேன், திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் எழுப்புவார். எங்கள் தெருவில் என்னைப் பாதி டாக்டர் என்றே நினைத்திருந்தார்கள். முழங்கால் வலி, வாயுத்தொல்லை என்று வாசலில் வந்து நிற்பார்கள். நான் டைப் அடிக்கிறவன் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு கட்டத்தில் நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

பிறகு கேட்டு எழுதும் மென்பொருள் வந்தது. இது உங்களுக்கு உதவிக்குத்தான் என்றார் மேனேஜர். கொஞ்ச நாள் உதவியது. ஒரு நாள் மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு ஜாங்கிரியும் மிக்சர் பொட்டலமும் கொடுத்து, அடுத்த மாசத்திலிருந்து ஆபீஸ் இல்லை என்றார்கள். எனக்கு மிஷின் மேல் கோபம் இல்லை. அது வேகமாக அடிக்கிறது, டீ கேட்பதில்லை, பஸ் லேட் என்று சொல்வதில்லை. எனக்குக் கோபம் எல்லாம் அந்த ஜாங்கிரி மேல்தான். வேலையை விட்டு அனுப்புகிறவன் எதற்கய்யா வாயைத் தித்திக்க வைக்கிறான்?

எட்டு மாசம் வீட்டில் இருந்தேன். வேலை இல்லாதவனுக்குக் கருத்து மட்டும் ஓசியில் கிடைக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கோழிப்பண்ணை போடச் சொன்னார். பால்காரர் திருப்பதிக்குக் கார் ஓட்டச் சொன்னார். கங்காதர நெல்லூரில் நிலம் வைத்திருக்கும் பழைய சிநேகிதர், கம்ப்யூட்டர் எல்லாம் நாலு நாள் கூத்து, திரும்பவும் கூப்பிடுவார்கள் பார் என்று தைரியம் சொன்னார். புத்தலப்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, என்னை நினைத்தால் பரிதாபம்.

"மாமா, நீ இன்னும் பழைய மாடலாவே கீற. இப்பல்லாம் மனுசன் வருசத்துக்கு ஒரு தபா அப்டேட் ஆவணும்."

"ஆவேன்டா. எந்தக் கடையில ஊத்தறாங்க சொல்லு, போயி ஊத்திக்கினு வரேன்."

என் மனைவி மட்டும் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் வீட்டில் உட்கார்ந்த மறு வாரத்திலிருந்து காலையில் ஒரு டியூஷன், சாயங்காலம் ஒரு டியூஷன் என்று ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்தேழு வயதில், பெண்டாட்டியின் தொண்டை கட்டிப்போவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருப்பது நல்ல அனுபவம் இல்லை.

எட்டாவது மாசம் ஹைதராபாத் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். மிஷின் எழுதிய மருத்துவக் குறிப்புகளைப் படித்து, தப்பு கண்டுபிடிக்கிற வேலை. என் வேலையைத் தின்ற மிஷினுக்கு நான் வாய் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் திருத்தும் ஒவ்வொரு தப்பும் மிஷினுக்குப் பாடமாகப் போகும், அடுத்த முறை அது அந்தத் தப்பைச் செய்யாது என்று விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். வேறு என்ன செய்ய?

இன்டர்வியூ வீடியோவில். மச்சான் முந்தின நாளே கையில் ஒரு டப்பாவோடு வந்துவிட்டான்.

"இன்னாடா இது?"

"டை. தலைக்கும் மீசைக்கும். நரைச்ச தலையோட கேமரா முன்னால உக்காந்தா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவாங்க மாமா. கண்ணாடியும் போடாத. வயசு தெரியும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தேன். மறுநாள் கண்ணாடியில் பார்த்தால், கல்யாண ஆல்பத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி இருந்தேன். கேமரா அந்த முகத்தைப் படம் பிடித்து, ஆதார் கார்டில் இருந்த பழைய கறுப்புத் தலையோடு ஒத்துப் பார்த்து, சரி என்று பச்சை விளக்குக் காட்டியது.

கேள்வி கேட்டவர் பெங்களூரில் இருக்கும் ஒரு தமிழர், அந்தப் பிரிவின் தலைவர். ஒரு குறிப்பைத் திரையில் போட்டு, இதில் என்ன தப்பு என்றார். மேலே நோயாளிக்கு வலது கால் வீக்கம் என்று இருந்தது. கீழே இடது காலுக்கு அறுவை சிகிச்சை என்று இருந்தது. சொன்னேன்.

"கரெக்ட். ஆனா மொத்தக் குறிப்பும் நல்லாத்தானே இருக்கு? ஒரே ஒரு வார்த்தைதானே?" என்றார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்காது. "ஒரு வார்த்தையா? உங்களுக்கு வார்த்தை சார், அவனுக்கு அது காலு! நல்ல கால அறுத்துட்டு, மத்தபடி குறிப்பு நல்லா இருந்திச்சின்னு அவன்கிட்ட போயி சொல்லுவீங்களா?" என்று கத்திவிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மச்சான் தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. போச்சு என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் வேலை உறுதி என்று கடிதம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சனிக்கிழமை மலைக்குப் போறோம். உங்க முடிய தர்றேன்னு வேண்டிக்கினு கீறேன்."

"என் முடியவா? எப்ப வேண்டிக்கின?"

"ஆபீஸ் மூடுன அன்னிக்கே. வேண்டிக்கினத பாக்கி வெச்சிக்கினு புது வேலையில உக்காரக் கூடாதுங்க."

இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். பரீட்சை பாஸானால், போர்வெல்லில் தண்ணீர் வந்தால், வேலை கிடைத்தால், முதலில் முடி. பிறகுதான் மற்றது. பழைய ஆபீஸில் புதிதாகச் சேர வருகிறவர்களில் பாதிப்பேர் மொட்டையோடுதான் வருவார்கள். வாட்ச்மேன் தலையைப் பார்த்ததும் "கோவிந்தா" என்று சொல்லி, அடையாள அட்டைகூடக் கேட்காமல் உள்ளே விடுவார். திருப்பதியில் மொட்டைத் தலையனை யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவனுக்கு, மொட்டையால் வம்பு வரும் என்று எப்படி அய்யா தோன்றும்?

சனிக்கிழமை மலையில், மொட்டை போடும் கல்யாணக்கட்டாவில் உட்கார்ந்தேன். டோக்கனை வாங்கி வைத்துக்கொண்டு, தலையில் தண்ணீரைத் தேய்த்து, பேச்சே இல்லாமல் வழித்துவிட்டார் அங்கிருந்தவர். டை பூசிய முடி மடியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. மீசையும் போயிற்று. குளித்து, சந்தனம் பூசி, தரிசனம் முடித்து இறங்கினோம். மனைவி வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள். எட்டு மாசத்தில் அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கம்பெனி அனுப்பிய லேப்டாப்பைத் திறந்தேன். கேமரா என்னைப் பார்த்தது. முகம் பொருந்தவில்லை என்றது. சந்தனத்தைக் கழுவிவிட்டு வந்தேன். பொருந்தவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். பொருந்தவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு லேப்டாப் பூட்டிக்கொண்டது.

பத்து நிமிஷத்தில் போன். ஹைதராபாத்திலிருந்து எச்.ஆர். பெண். சின்ன வயதுக் குரல், மரியாதையான தெலுங்கு.

"சார், இன்டர்வியூல உக்காந்தது நீங்களேதானா?"

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அவர் விளக்கினார். வேலை தெரிந்தவனை இன்டர்வியூவில் உட்கார வைத்துவிட்டு, வேலைக்கு வேறொருவன் வந்து சேருவது இப்போது நிறைய நடக்கிறதாம். அதனால்தான் கேமரா. படத்தில் இருப்பது கறுத்த முடியும் மீசையும் உள்ள ஒருத்தர், இன்றைக்கு வந்திருப்பது வேறொருத்தர் என்று சிஸ்டம் சொல்கிறதாம்.

"அம்மா, திருமலையில மொட்டை போட்டுக்கினு வந்திருக்கேன்மா!"

"புரியுது சார். எங்க அப்பாகூட போன மாசம்தான் போட்டுக்கிட்டு வந்தாரு. ஆனா முகம் மாறினதுக்குக் காரணம்னு இங்க நாலுதான் இருக்கு. ஆபரேஷன், விபத்து, உடம்பு எடை, மற்றவை. மற்றவைன்னு போட்டா விசாரணைக்குப் போயிடும்."

"இந்த ஃபாரத்த எழுதினவன் ஆந்திராவுலதானம்மா பொறந்தான்? அவன் வீட்டுல ஒருத்தன்கூட மொட்டை போட்டதில்லையா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாளை சாயங்காலத்துக்குள் நான்தான் நான் என்பதற்கு ஆதாரம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலைக் கடிதம் ரத்தாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆதாரம் எங்கே இருக்கிறது? டோக்கன் மலையில் போயிற்று. முடி உண்டியலில் போயிற்று. மொட்டை போடும்போது போட்டோ எடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆதார் கார்டிலும் அந்தக் கறுப்புத் தலைதான். வீட்டுக்குள் நடந்தேன், நின்றேன், நடந்தேன். மனைவி பள்ளியிலிருந்து வந்து, என்ன ஆச்சு என்று கேட்டதும் அவள் மேல் பாய்ந்தேன்.

"என் தலைய வெச்சி வேண்டிக்க நீ யாரு? உன் முடியத் தர்றேன்னு வேண்டிக்கறதுதானே! உன்னாலதான் போச்சு!"

அவள் பையைக் கீழே வைத்தாள். டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், உள்ளே போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கைப் போட்டாள். ஒரு பிள்ளை, "மிஸ், தப்பு மிஸ்" என்றது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். "மிஸ், இப்பவும் தப்பு" என்றது. இருபது வருஷத்தில் அவள் கணக்கைத் தப்பாகப் போட்டு நான் கேட்டதே இல்லை. எனக்கு என்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

பிள்ளைகள் போனதும் அவளிடம் போய், "தப்பு என்னுதுதான். டை அடிச்சிக்கினு போயி உக்காந்தவன் நான்" என்றேன். "துன்ன வாங்க" என்றாள். அதற்கு மேல் அவள் என்றைக்கும் அதைப் பேசியதில்லை. நான் மறக்கவில்லை.

மறுநாள் காலை மச்சான் ஒரு பையோடு வந்தான். உள்ளே, நாடகக் கம்பெனிக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து ஒரு டோப்பாவும் ஒட்டு மீசையும்.

"மாமா, இத மாட்டிக்கினு கேமரா முன்னால ஒரு நிமிசம் உக்காரு. பச்சை லைட்டு வரும்."

அந்த டோப்பா தோள் வரைக்கும் சுருள் சுருளாகத் தொங்கியது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "ஏண்டா, எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போறாரா, ராஜபார்ட் வேசம் கட்டப் போறாரா?"

நானும் சிரித்தேன். ஆனால் தொடவில்லை. இதுவரைக்கும் நான் செய்யாத மோசடியை, செய்யவில்லை என்று நிரூபிப்பதற்காகச் செய்யச் சொல்கிறான் பாருங்கள். அப்டேட் ஆன மூளை.

அந்த எச்.ஆர். பெண் நல்லவர். அவரே மேலே பேசி, அன்று மத்தியானம் இன்டர்வியூ எடுத்த அந்தப் பெங்களூர்க்காரரை என் போனில் வீடியோவில் வரவழைத்தார், தானும் கூட இருந்தார். பெங்களூர்க்காரர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மனைவி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"முகத்தை வெச்சு என்னால சொல்ல முடியல" என்றார் அவர். பிறகு ஒரு குறிப்பைத் திரையில் போட்டார். முதல் பக்கத்தில் நோயாளிக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் அதே மருந்தை எழுதியிருந்தது. சொன்னேன்.

"சரி. ஆனா இதெல்லாம் டாக்டர் கண்ணுல படும். நாம எதுக்கு இவ்ளோ நோண்டணும்? விட்டுடலாமே?"

இப்போது நினைத்தால், அவர் வேண்டுமென்றே கேட்டிருக்கிறார். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. என் வேலை அவர் வாயில் தொங்குகிறது என்பதும் தோன்றவில்லை.

"விட்டுடலாமா? அப்ப எதுக்கு சார் எங்களுக்கு சம்பளம் குடுத்து உக்கார வைக்கறீங்க? டாக்டர் பாத்துக்குவாருன்னு மிஷினு விட்டுது, மிஷினு பாத்துக்கும்னு டாக்டர் விடுவாரு, நடுவுல நானும் உட்டேன்னா அந்த ஆளு ஊசி போட்டுக்கினு செத்துப் போவான். அப்புறம் யாரு முகத்த கேமராவுல காட்டுவீங்க?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"அதே ஆள்தாம்மா. அன்னிக்கும் இப்படித்தான் என்னைத் திட்டினாரு. மூஞ்சி வேணா வாடகைக்குக் கிடைக்கும், இந்த வாய் எங்க கிடைக்கும்? சேத்துக்கோங்க."

என் மனைவி கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மொட்டைத் தலையோடு அழுதால் பார்க்க நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன். எச்.ஆர். பெண், இனி தொந்தரவே வேண்டாம் சார், இப்போது இருக்கிற முகத்தையே பதிந்துவிடலாம் என்றார். கேமரா முன்னால் மறுபடி உட்கார்ந்தேன். பச்சை விளக்கு வந்தது.

வேலை பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மிஷின் பத்துக் குறிப்பில் ஒன்பதை என்னைவிட நன்றாக எழுதியது. பத்தாவதில் ஆளைக் கொன்றுவிடும். அந்தப் பத்தாவதுக்காகத்தான் நான். மனைவி காலை டியூஷனை நிறுத்தினாள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, முகம் பொருந்தவில்லை.

தலையைத் தடவிப் பார்த்தேன். அரிசி மாவு தூவியது போல வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது. மேலுதட்டிலும் அதே நரை. ஹைதராபாத்துக்குப் போன் போட்டேன். ஒருவருக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் முகம் மாற்றிப் பதியலாமாம். என்னுடையது முடிந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்டால் மோசடிப் பிரிவுக்குப் போகும், விசாரணை முடிகிறவரை வேலை கிடையாது.

"அப்ப நான் இன்னாம்மா பண்றது?"

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தெருவுல சலூன் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

அன்றிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சலூனில் இருப்பேன். தெருவில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா போன வாரம் என் மனைவியை நிறுத்தி, அப்படி என்ன பெரிய வேண்டுதல் என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "ஏழுமலையானே ஒரு தபாதான் கேட்டாரு" என்று சொல்லிவிட்டு, என் தலையைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

சலூன்காரருக்கும் விஷயம் தெரியாது. நேற்று நுரையைப் பூசிக்கொண்டே பழைய பேச்சை எடுத்தார்.

"பாத்தீங்களா சார், கம்ப்யூட்டர் வந்து யார் யார் பொழப்போ போச்சு. நம்ம கடைக்கு மட்டும் ஒண்ணும் ஆவல. உங்கள மாதிரி பெருமாள் பக்தருங்க இருக்கறவரைக்கும் இன்னா கவலை? இன்னும் எத்தினி நாளைக்கு சார் இந்த வேண்டுதலு?"

இந்த மாசம் மிஷின் இருபது குறிப்பில் ஒன்றில்தான் தப்பு விட்டிருந்தது. நான் திருத்தித் திருத்தி அது கற்றுக்கொண்டுவிட்டது.

"வேலை இருக்கறவரைக்கும்" என்றேன்.

"அப்ப நெறைய நாள் வரணும் சார்" என்று சொல்லி, என் தலையைக் குனிய வைத்தார்.